காட்டின் காவலரும் நகரின் கோடரியும்

காடு மனிதனுக்கு முந்தியது. அவன் குடில் அமைத்தது அதன் மரத்தால். அடுப்பெரித்தது அதன் விறகால். வயல் வகுத்ததும் அதன் நிலத்தைத் திருத்தியே. நாகரிகத்தின் வரலாறு ஒருவகையிற் கோடரியின் வரலாறேயாம். கரிகாற் பெருவளத்தான் காட்டை அழித்து நாடாக்கியமையைப் பட்டினப்பாலை அவனுடைய புகழ்களுள் ஒன்றாகவே எண்ணுகின்றது. ஆயினும் பழைய சமுதாயங்கள் பலவும் காட்டை உடையவர் இல்லாத வெற்றிடமாகக் கருதவில்லை. இயக்கர், அணங்கு, சூர், பூதம், வனதேவதை எனப் பெயர் நாடுதோறும் வேறுபடினும், காட்டிற்கு உடையார் ஒருவர் உளர் என்னும் எண்ணம் மட்டும் பெரிதும் வேறுபடவில்லை.

இக்கதைகளை அறியாமைக் காலத்து அச்சத்தின் விளைவெனத் தள்ளிவிடுவது எளிது. இருட்டும் தனிமையும் விலங்கின் ஓசையும் அச்சம் தருவன என்பதில் ஐயமில்லை. ஆனால் அச்சம் ஒன்றே காரணமாயின், கதைகள் யாவும் பேயைக் கண்டு ஓடியவனைப் பற்றியே அமைந்திருத்தல் வேண்டும். அவ்வாறு அமையவில்லை. காட்டிற்குள் கோடரியோடு நுழைந்தவன் யாது செய்தான், அதன்பின் அவனுக்கு யாது நேர்ந்தது என்பதே பெருங்கதைகளின் பொருளாக உள்ளது. காவலனைக் கொல்லுதல், அவனிடம் விடைபெற்றுக் கொள்ளுதல், அவனை அழைத்துத் தன் நகரில் இடமளித்தல் என மூன்று வழிகளைப் பழங்கதைகள் காட்டுகின்றன. அவை ஒவ்வொன்றும் எங்குக் கொண்டுபோய் விட்டன என்பதை வரலாற்றோடு ஒப்பிட்டு நோக்குதல் பயனுடைத்து.

கேதுரு வனத்துக் காவலன்

எழுத்திற் பதிந்த பெருங்கதைகளுள் மிகப் பழையவற்றுள் ஒன்று கில்கமேஷ் காவியம். இன்றைய ஈராக்கில் வர்க்கா என வழங்கும் இடமே அக்காவியத்தின் ஊருக் நகரம். நினிவே நகரின் இடிபாடுகளிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கிடைத்த களிமண் ஏடுகளில் இக்காவியம் ஆப்பெழுத்தில் எழுதப்பட்டிருந்தது. பிரித்தானிய நூதனசாலையிற் பணியாற்றிய ஜோர்ஜ் ஸ்மித் என்பவர் 1872ஆம் ஆண்டில் அதன் ஊழிவெள்ளப் பகுதியைப் படித்து வெளியிட்டபோது உலகம் அதனை வியந்து நோக்கியது.

காவியத்தில் இரு காட்டு மாந்தர் வருகின்றனர். ஒருவன் என்கிடு. அரூரு என்னும் தேவி களிமண்ணாற் படைத்த அவன், மான்களோடு புல் மேய்ந்து, விலங்குகளோடு நீருண்டு வாழ்ந்தவன், வேடர் தோண்டிய குழிகளைத் தூர்த்தவன், கண்ணிகளை அறுத்தவன். சம்ஹத் என்னும் பெண்ணோடு ஆறு பகலும் ஏழு இரவும் கூடியிருந்தபின் அவன் தன் மந்தையிடம் மீண்டான். மான்கள் அவனைக் கண்டு விலகி ஓடின. அறிவு வந்தது, உறவு போயிற்று. அதன்பின் அவன் அப்பம் உண்டான், ஆடை உடுத்தான், நகரத்தானாகிக் கில்கமேஷ் மன்னனின் தோழனுமானான்.

மற்றையவன் ஹும்பாபா. கேதுரு வனத்தைக் காக்குமாறு என்லில் என்னும் கடவுளால் அமர்த்தப்பெற்றவன். சுருண்ட குடல்போன்ற முகத்தோடு அவனைக் காட்டும் களிமண் உரு ஒன்று பிரித்தானிய நூதனசாலையில் உள்ளது. புகழ் வேட்ட கில்கமேஷும் என்கிடுவும் அவ்வனம் புகுந்து அவனைப் பிணித்தனர். ஹும்பாபா உயிர்ப்பிச்சை கேட்டான். மன்னன் தயங்கினான். என்லில் அறியுமுன் கொன்றுவிடு எனத் தூண்டியவன், காட்டிலே பிறந்து வளர்ந்த என்கிடுவே என்பது காவியத்தின் கூர்மையான இடமாகும். காவலன் வீழ்ந்தான், மரங்களும் வீழ்ந்தன. மிக உயர்ந்த கேதுருவினால் ஒரு பெருங்கதவு செய்து, யூப்பிரட்டீஸ் ஆற்றில் மிதக்கவிட்டு, நிப்பூர் நகரில் உள்ள என்லிலின் கோயிலுக்கே காணிக்கையாக்கினர்.

காணிக்கை ஏற்கப்படவில்லை. பின்னர் வானத்து எருதும் அவர்களாற் கொல்லப்பட, தோழர் இருவருள் ஒருவன் இறத்தல் வேண்டும் எனத் தேவர் அவை தீர்த்தது. நோய்ப்படுக்கையிற் கிடந்த என்கிடு தான் செய்த கதவையே விளித்துச் சபித்தான். அவன் இறப்பே கில்கமேஷ் மன்னனைச் சாவின் அச்சத்தில் ஆழ்த்தி உலகெங்கும் அலையச் செய்தது.

இக்காவியத்தின் ஒரு பகுதி அண்மைக் காலத்திலேயே வெளிச்சம் பெற்றது. ஈராக்கின் சுலைமானியா நகர நூதனசாலை 2011ஆம் ஆண்டில் ஏடு ஒன்றை வாங்கியது. அதனை பாரூக் அல்ராவி, அன்ட்ரூ ஜோர்ஜ் என்னும் அறிஞர் இருவர் 2014ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கேதுரு வனம் இருளும் அமைதியும் நிறைந்ததன்று என்பது அவ்வேட்டினாற் புலனாயிற்று. பறவைகள் பாடின, சிள்வண்டுகள் ஒலித்தன, குரங்குகள் ஆர்த்தன, அரண்மனையில் இசைவாணர் மன்னனை மகிழ்விப்பதுபோல அவ்வோசைகள் ஹும்பாபாவை மகிழ்வித்தன. என்கிடு இளமையில் அவனுக்கு அறிமுகமானவன் என்பதும் அங்கே கூறப்படுகின்றது. எல்லாவற்றினும் மேலாக, வெட்டி முடித்தபின் வனத்தைப் பாழ்நிலமாக்கிவிட்டோமே, என்லிலுக்கு என்ன விடை கூறுவோம் என என்கிடு வருந்துகின்றான். அரக்கனைக் கொன்ற வீரக்கதை எனப் பலர் கருதிய கதையுள், அதைப் பாடியோரே வைத்த குற்றவுணர்வு மூவாயிரம் ஆண்டளவில் மண்ணில் மறைந்து கிடந்தது.

கதையின் பின்னணி வெறுங் கற்பனையன்று. சுமேர் நாட்டிற் பெருமரம் இல்லை. கோயிற்கும் அரண்மனைக்கும் வேண்டிய உத்தரங்கள் தொலைவிலுள்ள மலைகளிலிருந்தே வரல் வேண்டும். லகாஷ் நகரத்து ஆட்சியாளன் குடேயா, அமானுஸ் மலையிலிருந்து கேதுரு மரங்களைக் கொணர்ந்ததைக் கி. மு. 2100ஆம் ஆண்டையொட்டித் தன் சாசனங்களிற் பெருமையோடு குறித்துள்ளான். எகிப்தியரும் அசீரியரும் லெபனான் மலைகளை நாடினர். உரோமப் பேரரசன் ஹாட்ரியன் கி. பி. இரண்டாம் நூற்றாண்டில் அம்மலைப் பாறைகளில் எல்லைக் கல்வெட்டுகள் பொறித்துச் சில மரவகைகளை அரசுடைமையெனக் காக்கவேண்டிய நிலை ஏற்பட்டது. ஹும்பாபா நின்ற இடத்திற் கல்வெட்டு நின்றது. லெபனான் நாட்டுக் கொடியிற் கேதுரு இன்றும் பசுமையாக உள்ளது. மலையிலோ அது சிறு சிறு தோப்புகளாகவே எஞ்சியுள்ளது. அவற்றுள் ஒன்று 1998ஆம் ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது.

பான் என்னும் தேவனும் பசித்த மன்னனும்

கிரேக்கரின் காட்டுத் தேவன் பான். ஆட்டுக்காலும் கொம்பும் உடையவன், ஆர்க்காடியா மலைநாட்டு இடையரின் தெய்வம், நாணற்குழல் ஊதுபவன். காரணமின்றித் திடீரெனப் பெருங்கூட்டத்தைப் பற்றும் திகிலுக்கு ஐரோப்பிய மொழிகள் அவன் பெயராலேயே சொல் அமைத்துக்கொண்டன. கி. மு. 490ஆம் ஆண்டு மரதன் போருக்கு முன்னர், ஸ்பார்த்தாவிற்கு ஓடிய தூதன் பிலிப்பிடிஸ் என்பானை மலையிடையே பான் பெயர் கூறி அழைத்து, ஏதென்ஸ் மக்களுக்குத் தான் நன்மை செய்திருந்தும் அவர்கள் தன்னைப் போற்றாதது ஏன் என வினவினான் என ஹெரடோட்டஸ் எழுதியுள்ளார். போரில் வென்றபின் ஏதென்ஸ் மக்கள் தம் கோட்டைக்குன்றின் அடியிலே அவனுக்குக் கோயில் அமைத்தனர். நகரம் மறந்த காட்டுத்தேவன் தன்னை நினைவூட்டிக்கொண்ட கதை இது.

மரந்தோறும் உறைந்து, மரம் வீழின் தாமும் மடியும் பெண்டெய்வங்களையும் கிரேக்கர் நம்பினர். கி. மு. மூன்றாம் நூற்றாண்டுப் புலவர் கல்லிமாக்கஸ் எரிசிக்தோன் என்பவனின் கதையைப் பாடினார். தேமேத்தர் என்னும் தானியத் தேவியின் புனிதத் தோப்பை அவன் வெட்டப் புகுந்தான். விருந்து மண்டபத்திற்குக் கூரை வேண்டும் என்பதே அவன் கூறிய காரணம். தேவி அவனைத் தீராப் பசியாற் பிணித்தாள். உண்ண உண்ணப் பசி பெருகியது. செல்வமெல்லாம் வயிற்றுள் மறைந்தது. உரோமப் புலவர் ஓவிட் பாடிய வடிவில் அவன் இறுதியில் தன் உடலையே தின்று மாண்டான். விருந்துக்காக வெட்டியவன் பசியால் அழிந்தான் என்னும் இப்பொருத்தத்தில் ஒரு பொருளியல் உண்மையும் அடங்கியுள்ளது. தானியத் தேவியின் தோப்பே மண்ணையும் நீரையும் காப்பது; அதை இழந்த நிலம் உணவு தராது.

இவ்வுண்மையை ஏதென்ஸ் மக்கள் கண்ணாரக் கண்டனர். அத்திக்கா நாட்டு மலைகளில் மண் கரைந்து போனமையால், நோயுற்றவன் உடலில் எலும்பு மட்டும் எஞ்சியதுபோல நிலம் தோன்றுவதாகப் பிளேட்டோ தம் கிரித்தியஸ் என்னும் நூலிற் கூறினார். இங்கு ஓர் உண்மையை மறைத்தல் தகாது. பானுக்குக் கோயில் எடுத்த நாட்டிலேதான் மலைகள் மொட்டையாயின. தெய்வ நம்பிக்கை இருந்தமையாற் காடுகள் தாமே பிழைத்தன என்பது வரலாறு ஒப்பும் முடிபன்று. குன்றின் அடியில் ஒரு குகையை ஒதுக்கிக் கொடுத்துவிட்டுக் குன்றுகளையெல்லாம் வெட்டுதலும் கூடும்.

பேரரசன் திபேரியஸ் காலத்தில், பாக்சி தீவருகே சென்ற கப்பலின் மாலுமியைக் குரலொன்று அழைத்து, பெரிய பான் இறந்தான் எனக் கரையோர்க்கு அறிவிக்குமாறு பணித்ததாகப் புளூட்டார்க் ஒரு செய்தி தருகின்றார். மாலுமி அவ்வாறு அறிவித்தபோது கரையிலிருந்து பலர் கூடி அழும் ஓசை கேட்டதாம். அவ்வழுகையின் பொருள் யாதென அறிஞர் நெடுங்காலம் ஆராய்ந்துள்ளனர். காவலனின் இறப்பைக் கேட்டு அழுவதற்கும் சிலர் எஞ்சியிருந்தனர் என்பது மட்டும் கதையிலே தெளிவு.

பேரரசும் புனிதத் தோப்பும்

கோடரி சமயத்தின் கையிலும் அரசின் கையிலும் சேர்ந்தபோது காவலரைக் கொல்லுதல் ஆட்சிமுறையாயிற்று. கி. மு. 49ஆம் ஆண்டில் மசிலியா நகரை முற்றுகையிட்ட யூலியஸ் சீசரின் படைக்கு மரம் வேண்டியதாயிற்று. அருகிலிருந்த புனிதத் தோப்பை வெட்டப் போர்வீரர் அஞ்சிக் கைநடுங்கினர் என்றும், சீசர் தாமே கோடரி ஏந்தி முதல் மரத்தை வெட்டிப் பழி தம்மைச் சாரட்டும் என்றார் என்றும் உரோமப் புலவர் லூக்கன் பாடினார். கி. பி. 723ஆம் ஆண்டையொட்டி யேர்மனியின் ஹெஸ்ஸே நாட்டில் இடித்தேவன் தோனாருக்குரிய ஓக்கு மரத்தைப் போனிபேஸ் என்னும் துறவி வெட்டி வீழ்த்தி, அதன் பலகைகளாலே ஒரு தேவாலயம் கட்டினார் என்பது அவர் வரலாற்றில் உள்ளது. சாள்ஸ் பெருமன்னன் 772ஆம் ஆண்டில் சக்சோனியரின் இர்மின்சுல் என்னும் புனிதத் தூணை அழித்தான். அதனோடு தொடங்கிய போர்கள் 804ஆம் ஆண்டுவரை நீண்டன. மரத்தை வெட்டுதல் அம்மரத்தின்கீழ்க் கூடிய மக்களின் உரிமையை வெட்டுதலாகும் என்பதை வெட்டியோர் நன்கறிந்திருந்தனர்.

பழந்தமிழ் வேந்தரும் இதனை அறிந்தவரே. ஒவ்வொரு குடிக்கும் காவல்மரம் இருந்தது; பகைவன் அதனை வெட்டி முரசு செய்தல் வெற்றியின் அடையாளம். இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் கடற்பகைவரின் கடம்பினை வெட்டியமை பதிற்றுப்பத்தில் உள்ளது. காவல்மரத்தின் புனிதம் அரசனின் கொடுமைக்குக் கருவியானதும் உண்டு. நன்னன் என்பான் தன் காவல்மரமாகிய மாவின் காய் ஆற்றில் மிதந்து வர, அதனை அறியாது எடுத்துத் தின்ற பெண்ணைக் கொன்றான்; பின்னர்க் கோசர் அம்மாவையே வீழ்த்தினர். இச்செய்திகள் குறுந்தொகையில் இடம்பெற்றுள்ளன. மரம் காத்தலும் அறத்தோடு கூடாதவழிக் கொலையாகும் என்பதற்கு இது சான்று.

விடைபெற்று வெட்டுதல்

இரண்டாவது வழி பணிவின் வழி. உழவைப் பற்றி நூல் எழுதிய உரோம அறிஞர் காட்டோ, கி. மு. இரண்டாம் நூற்றாண்டில், தோப்பினுள் மரம் குறைக்க விரும்பும் குடியானவன் முதலிற் பன்றி ஒன்றைப் பலியிட்டு, இத்தோப்பிற்கு உரியவர் ஆண்தெய்வமாயினும் பெண்தெய்வமாயினும் பொறுத்தருள்க என வேண்டிக்கொள்ள வேண்டும் என விதித்தார். உடையவர் யார் என்று அறியாவிடினும் உடையவர் ஒருவர் உண்டு என்னும் எண்ணம் அவ்வேண்டுதலிற் பதிந்துள்ளது.

உருசிய நாட்டு மக்களின் லேஷி என்னும் வனத்தலைவன் காட்டினுள் மரமளவு உயர்ந்தும், காட்டெல்லையிற் புல்லளவு குறுகியும் தோன்றுவான். வழிதப்பியவர் தம் ஆடையை உட்புறம் வெளிப்புறமாக மாற்றி அணிந்தால் அவன் பிடியிலிருந்து தப்பலாம் என நம்பினர். வடபகுதி ஆயர் தம் மந்தையைக் காக்குமாறு அவனோடு உடன்படிக்கை செய்வர். அதற்கீடாகச் சில செயல்களைத் தவிர்த்து நோன்பிருப்பர். பின்லாந்து மக்களோ தாப்பியோ என்னும் வனவேந்தனிடமும் மியெலிக்கி என்னும் அவன் மனைவியிடமும் வேட்டை வேண்டினர். கரடியின் உண்மைப் பெயரைச் சொல்ல அஞ்சி மாற்றுப் பெயர்களால் வழங்கினர். கொன்ற கரடிக்கு விழா எடுத்து, அதன் மண்டையோட்டைத் தேவதாரு இனத்து மரத்தில் ஏற்றி வைத்தனர். எலியாஸ் லென்ரொட் 1835ஆம் ஆண்டில் தொகுத்து வெளியிட்ட கலேவலாவில் இவ்வழக்குகளின் சாயல் நிறைந்துள்ளது.

பிரேசில் நாட்டுக் காட்டில் கூருபிரா என்னும் காவலன் உறைகின்றான். அவன் பாதம் பின்னோக்கித் திரும்பியது. ஆதலின் அவன் அடிச்சுவட்டைத் தொடர்வோர் வழிதவறுவர். சமயத் தொண்டர் யோசே த அஞ்சியேத்தா 1560ஆம் ஆண்டில் எழுதிய கடிதத்தில், அப்பகுதிக் குடிகள் அவனுக்கு அஞ்சி வழியிற் காணிக்கை வைத்துச் செல்வதைக் குறித்துள்ளார். அளவிற்கு மிஞ்சி வேட்டையாடுவோனை அவன் ஒறுப்பான் என்பது மக்கள் வழக்கு. கடல்களும் கண்டங்களும் பிரித்த மக்கள் ஒரே நெறியை வகுத்துள்ளனர்: எடுத்துக்கொள்ளலாம்; கேட்டு எடுத்தல் வேண்டும்; அளவோடு எடுத்தல் வேண்டும். எழுதாத சட்டத்திற்குக் காவலனின் முகமே முத்திரையாயிற்று.

காண்டவ வனத்துத் தீ

பாரத நாட்டின் மிகப் பழைய நூலாகிய இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் அரண்யானி என்னும் வனதேவிக்கு ஒரு சூக்தம் உண்டு. மாலையில் வனத்தருகே நிற்பவனுக்கு யாரோ பசுவை அழைப்பது போலவும், வண்டி கிரீச்சிடுவது போலவும், மரம் முறிவது போலவும் ஓசைகள் கேட்கின்றன. அவள் உழாமலே உணவுடையவள், விலங்குகளின் தாய், தீங்கு செய்ய வாராதவரைத் தான் வருத்தாதவள். கேதுரு வனத்து ஓசைகளைப் பாடிய பாபிலோனியப் புலவனும் இவ்வேதமுனிவனும் ஒருவரையொருவர் அறியார். ஆயினும் இருவர் செவியும் ஒன்றையே கேட்டன.

மகாபாரதத்து ஆதிபருவமோ இதற்கு மாறான காட்சியைத் தருகின்றது. பாண்டவர்க்குக் கிடைத்த நிலம் காண்டவப் பிரத்தம். அதனையடுத்த காண்டவ வனத்தை உண்ண அக்கினி விரும்பினான். அங்கு வாழ்ந்த தட்சகன் என்னும் நாகன் பொருட்டு இந்திரன் அதனைக் காத்து நின்றான். அக்கினியிடம் காண்டீவமும் தேரும் பெற்ற அருச்சுனனும் கண்ணனும் இரு மருங்கும் நின்று, தப்பியோடிய உயிர்களையும் தடுத்தனர். வனம் முழுதும் எரிந்தது. எஞ்சியோர் அறுவர்: தட்சகன் மகன் அசுவசேனன், மயன், சார்ங்கப் பறவைக் குஞ்சுகள் நான்கு. தட்சகன் அப்போது அங்கில்லை. அவன் மனைவி மாண்டாள்.

இதன் விளைவைக் காவியம் மறவாது தொடர்கின்றது. உயிர்தப்பிய மயன் நன்றிக்கடனாகக் கட்டிய மண்டபத்திலேதான் துரியோதனன் நீரை நிலமென மயங்கி நாணமுற்றான். அவன் மனத்திற் கனன்ற அழுக்காறு சூதாட்டத்திற்கும் போருக்கும் வழிவகுத்தது. அசுவசேனன் கர்ணனின் கணையிற் புகுந்து அருச்சுனன் முடியைக் கவர்ந்தான். தட்சகன் அருச்சுனன் பேரனாகிய பரீட்சித்தைத் தீண்டிக் கொன்றான். பரீட்சித்தின் மகன் சனமேசயன் நாகரையெல்லாம் ஒழிக்கச் சர்ப்பயாகம் தொடங்கினான். எரித்த தீ நான்காம் தலைமுறையிலும் அவியவில்லை. இறுதியில் அதனை நிறுத்தியவன் ஆத்திகன். முனிவனுக்கும் நாகமங்கைக்கும் பிறந்தவன். இரு குருதியும் உடையவன். அந்த யாகசாலையிலேயே வைசம்பாயனர் மகாபாரதத்தைச் சனமேசயனுக்கு எடுத்துரைத்தார். எனவே அக்காவியம் முழுவதும், காட்டை எரித்த குலத்தின் வழித்தோன்றல் பழிவாங்கும் தீயின்முன் அமர்ந்து கேட்ட கதையாகின்றது. இந்நோக்கு இருந்தாலன்றி நூலின் அமைப்பு முற்றும் விளங்காது.

ஈழத்து இயக்கர்

இலங்கையின் பழங்கதையும் இக்கேள்வியினின்று விலகவில்லை. மகாவமிசம் கூறுமாறு, விசயன் இயக்கப்பெண் குவேனியின் துணைகொண்டு அவள் இனத்தாரையே அழித்தான்; ஆட்சி நிலைத்தபின் அவளைத் துரத்தினான். தன்னவரிடம் மீண்ட அவள் அவர்களாற் கொலையுண்டாள். அவள் மக்கள் மலைநாட்டிற்குத் தப்பினர். என்கிடுவின் துயரமும் குவேனியின் துயரமும் ஒருதன்மையன. நகரத்தானுக்குக் காட்டின் வாயிலைத் திறந்துவிட்டவர்க்குக் காட்டிலும் இடமில்லை, நகரிலும் இடமில்லை.

அதே நூல் மூன்றாவது வழிக்கும் எடுத்துக்காட்டுத் தருகின்றது. பண்டுகாபயன் என்னும் இளவரசன் குதிரை வடிவங்கொண்ட இயக்கியின் உதவியால் அரசு பெற்றான். அரசனானபின் அவளுக்கு அரண்மனை எல்லைக்குள் இடமளித்தான். காலவேலன் என்னும் இயக்கனை அநுராதபுரத்தின் கிழக்கிலும், சித்தராசன் என்பானை அபய வாவியின் அருகிலும் குடியமர்த்தினான். விழாக் காலத்திற் சித்தராசனோடு ஒத்த உயரமுள்ள ஆசனத்தில் அமர்ந்தான் என்பது நூலாசிரியர் தரும் செய்தி. காவலனைக் கொன்ற கதைகள் பல. காவலனுக்கு ஒத்த ஆசனம் அளித்த கதை அரிது. அநுராதபுரம் நெடிது நின்ற தலைநகரானமைக்கு இதுவே காரணம் எனல் பொருந்தாது. ஆயின் நகரமைத்தோர் நினைவில் இச்செய்தி பெருமைக்குரியதாக நின்றமை கருதத்தக்கது.

கந்தபுராணத்தை நாள்தோறும் படித்துப் பயன் சொல்லி வளர்ந்த யாழ்ப்பாணத்தார்க்கு இம்மூன்றாம் வழி புதிதன்று. சூரபன்மன் கடல் நடுவே மாமரமாய் நின்றான். முருகன் வேல் அதனைப் பிளந்தது. சங்ககால இலக்கியத்தில் மாவைத் தடிந்த அளவில் நிற்கும் இச்செய்தி, கச்சியப்ப சிவாசாரியார் பாடிய புராணத்தில் மேலும் ஒரு படி செல்கின்றது. பிளந்த கூறுகள் மயிலும் சேவலுமாகி, ஊர்தியும் கொடியும் ஆகின்றன. மயிலும் காட்டுச் சேவலும் குறிஞ்சியின் உயிர்கள். பகைவன் அழிக்கப்படாது ஆட்கொள்ளப்படுகின்றான். காட்டின் ஆற்றல் தெய்வத்தின் அருகிலே நிலைபெறுகின்றது. ஹும்பாபாவின் தலை என்லிலுக்குக் காணிக்கையாயிற்று, சூரனோ வணங்கப்படுகின்றான்.

ஈழத்திற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி இயக்கர் பற்றி 1928ஆம் ஆண்டிலும் 1931ஆம் ஆண்டிலும் வெளியிட்ட ஆராய்ச்சியில், இயக்கர் வெறும் தீய ஆவிகளல்லர், நீருக்கும் மரத்திற்கும் வளத்திற்கும் உரிய பழைய தெய்வங்கள் என்பதைச் சிற்பங்களின் துணையோடு நிறுவினார். பர்குத் தூபியின் கற்றூண்களில் மரக்கிளையைப் பற்றி நிற்கும் இயக்கியர் அதற்குச் சான்று. பிற்காலத்தார் பேயென இகழ்ந்தவரை முற்காலத்தார் வாயிற்காவலராக நிறுத்தியிருந்தனர்.

பெயரின் கொடுமை

இக்கதைகளைப் படிப்போர் விழிப்போடு நோக்கவேண்டிய இடம் ஒன்றுண்டு. இயக்கர், நாகர், அரக்கர் என்னும் பெயர்கள் கற்பனை உயிர்களை மட்டும் குறித்தனவா, காட்டில் வாழ்ந்த மக்களையும் குறித்தனவா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயின் மனிதனுக்கு அரக்கன் என்று பெயரிட்டபின் அவன் நிலத்தைக் கொள்ளுதல் எளிதாகின்றது என்பதில் வேறுபாடு இல்லை. இலங்கை வேடரின் வாழ்வை ஆராய்ந்து சி. ஜி. செலிக்மன், பிரெண்டா செலிக்மன் ஆகிய இருவரும் 1911ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டனர். வேடர் வழிபட்ட யக்குகள் அவர்களுடைய இறந்த உறவினரின் ஆவிகளே என்றும், கண்டே யக்கா என்னும் பழைய வேடன் ஒருவனின் ஆவியை வேட்டைக்குமுன் வேண்டினர் என்றும் அந்நூலால் அறிகின்றோம். வெளியார்க்குப் பேயாய்த் தோன்றியது உள்ளார்க்குத் தந்தையும் பாட்டனுமாயிருந்தது. மாதுறு ஓயா தேசிய வனம் 1983ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டபோது, விலங்குகளைக் காக்கும் பொருட்டே வேடர் குடும்பங்கள் பல தம் காட்டிலிருந்து பெயர்க்கப்பட்டன. காட்டைக் காத்தலும் காட்டினரை விலக்கிச் செய்யப்படின் பழைய பிழையின் புதிய வடிவமேயாகும்.

இதற்கு மாறாக, நியூசிலாந்தில் 2014ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டம் தே உரேவேரா என்னும் காட்டுநிலத்தைச் சட்டத்தின்முன் ஓர் ஆளாகவே ஏற்றுக்கொண்டது. அந்நிலத்தின் பழங்குடிகளாகிய தூஹோய் மக்கள் அரசின் பிரதிநிதிகளோடு ஒரே அவையில் அமர்ந்து அதன் சார்பிற் பேசுகின்றனர். 2017ஆம் ஆண்டில் வங்கனூயி ஆறும் அத்தகைய நிலை பெற்றது. காட்டிற்கு உடையவர் காடே என்னும் பழைய எண்ணம், பலியும் பாட்டும் விடுத்து, சட்டமொழியில் மீண்டும் பேசத் தொடங்கியுள்ளது. சித்தராசனுக்கு அளித்த ஒத்த ஆசனம் வேறொரு கடற்கரையில் மறுபடியும் இடப்பட்டதெனலாம்.

கோடரியின்றி மனித வாழ்வு இல்லை. ஆதலின் மரமே வெட்டலாகாது என எக்கதையும் கூறவில்லை. வெட்டுமுன் யாரிடம் கேட்டாய், வெட்டியபின் யாருக்கு விடை கூறுவாய் என்னும் வினாக்களையே அவை எழுப்புகின்றன. கேதுரு வனம் சாய்ந்தபின் என்கிடு அவ்வினாவை எழுப்பினான். அவனுக்குக் காலம் கடந்துவிட்டது. மரம் நிற்கும்போதே அதனை எழுப்புவோர்க்குக் காலம் உண்டு.